பூரணம் மாறும், அடுப்பு மாறாது

ராஜ்மாவும் மக்காச்சோளமும் குடமிளகாயும் வதக்கி, சீரகத்தூளும் மிளகாய்த்தூளும் தூவி, சீஸ் சேர்த்து மைதா வட்டத்தில் வைத்து மடித்து, ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, ஏர் ஃப்ரையரில் வைத்து எடுக்கும் பண்டத்துக்கு மெக்சிகன் எம்பனாடா என்று பெயர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் அண்மைக் காலத்தில் நுழைந்த பலகாரங்களில் இதுவும் ஒன்று. இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு எழுவதுண்டு. கொழுக்கட்டையும் சுழியமும் இருக்க நமக்கு இது எதற்கு என்பது ஒரு பேச்சு. இதில் புதிதாக என்ன இருக்கிறது, நம் சோமாசிதானே என்பது மற்றொன்று. முதல் கட்சி பூரணத்தைப் பார்க்கிறது, இரண்டாவது கட்சி வடிவத்தைப் பார்க்கிறது. பூரணமும் வடிவமும் உலகெங்கும் எளிதாகப் பயணம் செய்பவை. எந்த வணிகனின் மூட்டையிலும் ஏறிக்கொள்ளும். ஒரு சமையலறை எந்த வகை வெப்பத்தை அறிந்திருக்கிறது என்பது அப்படி மாறிவிடுவதில்லை. நிரப்பிய மாவுப் பண்டங்களின் வரலாற்றை அடுப்பிலிருந்து எழுதினால்தான் எது புதிது, எது பழையது என்பது விளங்கும் என்பது என் வாதம். இதைச் சோதித்துப் பார்க்கக் காஞ்சிபுரம் பொருத்தமான ஊர். அங்கே கோயில் மடைப்பள்ளி, நெசவாளர் வீடு, தெருக் கடை, பேக்கரி என்று வெவ்வேறு காலத்துச் சமையல் முறைகள் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

பழைய சான்றிலிருந்து தொடங்கலாம். தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாணனைக் காஞ்சிக்கு அழைத்துப் போகும் பாட்டு. அங்குள்ள திருவெஃகாவைச் சொல்லும் பகுதியில், மர நிழலுக்கு இடையே மணலில் விழும் வெளிச்சத்துக்கு உவமையாக ஒரு தின்பண்டம் வருகிறது. கரிய அகலில் கூவியர் செய்யும், பாகு சேர்த்த வட்டமான பண்டம் பாலில் கிடப்பது போல என்பது அந்த உவமையின் சாரம். கூவியர் என்றால் அப்ப வாணிகர். அதே கூவியர் மதுரைக்காஞ்சியிலும் வருகிறார்கள். அங்கே அவர்களிடம் உள்ளே பூரணம் வைத்துக் கையால் பிடித்த மோதகம் இருக்கிறது. நள்ளிரவில் சரக்கோடு உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார்கள். பூரணம் வைத்த மாவுப் பண்டம் தமிழ்நாட்டு நகரத் தெருவில் காசுக்கு விற்கப்பட்டது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது கூவியரின் கருவியை. புகையேறிக் கறுத்த, வாய் அகன்ற, ஆழமில்லாத பாத்திரம் அது. கீழே தீ, மேலே திறந்த வெளி. இந்த அமைப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. மண் அகல் இரும்புச் சட்டியானது, விறகு போய் எரிவாயு வந்தது. கீழிருந்து வரும் தீ மட்டும் அப்படியே இருக்கிறது.

அரிசி மாவுக்கு ஒரு குறை உண்டு. கோதுமை மாவைப் போல இழுத்தால் நீளாது, பிசைந்தால் பிடிக்காது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்த அரிசி மாவை வட்டமாகத் தட்டிப் பூரணம் வைத்து மடித்தால், மடிப்பிலேயே விரிசல் விடும். இந்தக் குறையைச் சமாளிக்கத் தமிழ்ச் சமையல் கண்ட வழிகளே நம் நிரப்பிய பண்டங்களின் வகைகளாயின. கொழுக்கட்டைக்கு மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிளறுகிறோம். மாவின் ஒரு பகுதி அப்போதே வெந்து பசையாகிறது. அந்தப் பசைதான் மற்ற மாவைப் பிடித்து வைக்கிறது. கை பொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெய் தொட்டு உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழித்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெல்லியதாக்கி, பூரணம் வைத்து நுனியைக் கூட்டினால் மூடிக்கொள்ளும். ஆறிப்போனால் மூடாது. மூடியதை ஆவியில் வைத்தால் மேல்மாவு ஈரம் குடித்து இறுகும். இதே பண்டத்தை எண்ணெயில் போட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, எங்கே மெலிவோ அங்கே வெடித்து வெளியே வரும். அதனால் எண்ணெய்க்கு வேறு உத்தி: பூரணத்தையே உருண்டையாக உருட்டிக் கரைத்த மாவில் தோய்த்துப் போடுவது. சுழியம் என்றும் சுகியன் என்றும் சுய்யம் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் பண்டம் இது. கடலைப்பருப்பு, வெல்லம், தேங்காய், ஏலக்காய் சேர்ந்த உருண்டைக்கு மேல்மாவு ஒரு போர்வையாக ஒட்டுகிறது. சூடான எண்ணெய் அதை நொடியில் உறையச் செய்கிறது. மூன்றாவது வழி போளி. கோதுமை மாவையோ மைதாவையோ எண்ணெயில் ஊறவைத்து, பூரணம் வைத்துத் தட்டி, கல்லில் போட்டுத் திருப்புவது. நீராவி, எண்ணெய், கல் ஆகிய மூன்றில் ஒன்றுதான் நம் நிரப்பிய பண்டத்தை வேக வைத்திருக்கிறது. உலர்ந்த சூடான காற்று நாலு பக்கமும் சூழ்ந்து வேக வைப்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

மூன்றிலும் நீராவிக்குத்தான் முதலிடம் என்பதைக் காஞ்சி தன் பெயர் தாங்கிய பண்டத்தாலேயே சொல்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி பூரணம் வைத்த பண்டமல்ல, ஆனாலும் இந்த வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. உயரமான மூங்கில் குடலையின் உள்புறம் மந்தாரை இலையை அடுக்கி, கரகரப்பாக அரைத்துப் புளிக்கவைத்த அரிசி உளுந்து மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து ஊற்றி, மூன்று மணி நேரம்போல ஆவியில் வைக்கிறார்கள். வெந்த பின் கவிழ்த்தால் தூண் போல நிற்கும். வெட்டித்தான் பங்கிட வேண்டும். அத்தனை பருமனான மாவுத் திரளை நடுவரை கருகாமல் வேக வைக்க இந்த மூன்றில் ஆவியால்தான் முடியும். ஆவிக்கு வேண்டியது தண்ணீரும் பொறுமையும். காசு பெரிதாக வேண்டாம். எண்ணெய்ப் பலகாரத்தின் கணக்கே வேறு.

அந்தக் கணக்கைக் கல்வெட்டுகளே போட்டுத் தருகின்றன. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பது வழக்கம். அவற்றைப் பெற்ற இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது கால் நாழி. நூற்றுக்குச் சற்றுக் குறைந்த ஆடுகளின் பலன் ஒரு நாளைக்குக் கால் நாழி நெய் என்றால், ஒரு சட்டி நிறைய நெய்யைக் காய்ச்சிப் பலகாரம் பொரிப்பது எத்தனை பெரிய செலவு என்று யோசித்துப் பார்க்கலாம். நல்லெண்ணெய் இருந்தது, செக்குக்கு வரி வாங்கினார்கள், சங்கரப்பாடியார் என்ற எண்ணெய் வணிகர்கள் கோயில் விளக்குகளுக்குப் பொறுப்பேற்றார்கள். அதுவும் முதலில் விளக்குக்கும் தலைக்கும் போன பிறகுதான் சட்டிக்கு வந்தது. பொரித்த பண்டம் கோயிலிலும் அரண்மனையிலும் பெரிய விழாக்களிலும் மட்டும் தாராளமாகக் கிடைத்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். விஜயநகரக் காலத்துத் திருமலைக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று பணியாரங்களுக்குத் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. கட்டளை வைத்தவருக்குப் பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். அந்தப் பங்கை அவர் பிறருக்கு மாற்றியும் கொடுக்கலாம். பூரணம் வைத்துப் பொரித்த சுகியன், ஒரு சொத்துரிமையாகவே கல்லில் பதிவாகியிருக்கிறது. காஞ்சிக்கு இது அந்நியமான ஏற்பாடல்ல. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துப் பெருமாள் கோயிலின் முதல்பொன்னை நகரத்துக் குடியிருப்புகள் வாங்கி வட்டி செலுத்தியதையும், கோயில் காரியத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு பட்டசாலியர் என்ற நெசவாளர்களிடம் இருந்ததையும் சொல்கிறது. தறிக்காரர் கணக்குப் பார்த்த கோயிலில் படையல் வெந்தது. தறிக்காரர் வீட்டில் அன்றாடம் எண்ணெய்ச் சட்டி வைக்கும் வசதி இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

அந்தச் சட்டி தெருவுக்கு வரக் காரணமாக இருந்தவற்றுள் அமெரிக்கக் கண்டமும் ஒன்று. மிளகாய் அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். நிலக்கடலையும் அங்கிருந்துதான் வந்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டுச் சீமையின் மானாவாரி நிலங்களில் மணிலாக் கொட்டை என்ற பெயரில் அது பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்துச் சோப்பு ஆலைகளுக்குக் கப்பலேறியது. ஏற்றுமதிக்காக விளைந்தது உள்ளூர்ச் செக்குக்கும் வந்தது. நல்லெண்ணெயைவிட மலிவாகக் கடலை எண்ணெய் கிடைத்ததும் பஜ்ஜியும் போண்டாவும் வடையும் சுழியமும் டீக்கடைக்கு இறங்கின. 1937இல் டால்டா வந்து நெய்யின் இடத்தையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. மெக்சிகோவின் பக்கத்திலிருந்து ஏதாவது காஞ்சிக்குள் நுழைவதை ஊடுருவல் என்று சொல்பவர்கள், டீக்கடைச் சட்டியில் கொதித்த எண்ணெயை நாலைந்து தலைமுறைகளுக்கு முன்பே விசாரித்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மிளகாயும் உருளைக்கிழங்கும் நம் நாக்கையே மாற்றிவிட்டனவே, பூரணத்துக்கு முக்கியம் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? சாப்பிடுகிறவனுக்குப் பூரணம்தானே பண்டம்? நியாயமான கேள்வி. காஞ்சியே இந்தக் கேள்விக்கு ஒரு சோதனைக் களம். கோயில் மடைப்பள்ளியில் இன்றும் காரத்துக்கு மிளகுதான். கொலம்பஸ் கப்பலேறுவதற்கு முந்திய சமையலறை ஒன்றின் சுவையை அங்கே அறியலாம். மதில் தாண்டித் தெருவுக்கு வந்தால் பச்சை மிளகாயும் உருளைக்கிழங்கும் இல்லாத பலகாரக் கடை கிடையாது. சுவையில் இரண்டுக்கும் நடுவே ஐந்நூறு ஆண்டு இடைவெளி. வேக வைக்கும் முறையில் அந்த இடைவெளி இல்லை. மடைப்பள்ளி வடையும் டீக்கடை வடையும் ஒரே வகைச் சட்டியில்தான் வேகின்றன. கோயில் இட்லிக்கும் ஓட்டல் இட்லிக்கும் ஒரே ஆவிதான். மிளகாயை ஏற்க மறுத்த இடமும் கைநீட்டி வரவேற்ற இடமும் அடுப்பு விஷயத்தில் ஒரே கட்சி. பூரணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பூரணம் மாறியதால் சமையலறை மாறிவிடவில்லை என்றுதான் சொல்கிறேன்.

சோமாசியை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1226இல் அல்-பக்தாதி தொகுத்த அரபுச் சமையல் நூலில் சன்பூசஜ் என்ற பண்டம் இருக்கிறது. இறைச்சிப் பூரணத்தை மாவுத் தகட்டில் மடித்து நல்லெண்ணெயில் பொரிக்கச் சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டில் டெல்லி சுல்தானின் விருந்தில் இப்னு பதூதா சாப்பிட்டதும் அந்தக் குடும்பத்துப் பண்டமே. மாளவ சுல்தான்களின் நிஃமத்நாமாவில் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்குப் பல செய்முறைகள் உண்டு. தமிழ்நாட்டுத் தீபாவளியில் அது சோமாசியாகவும், டீக்கடையில் சமோசாவாகவும் நிலைபெற்றது. இறைச்சி போய்ப் பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் தேங்காயும் ரவையும் வந்தன. மேல்மாவுதான் உண்மையில் புதிது. தேய்த்தால் நீளும், மடித்தால் ஒட்டும் கோதுமைத் தகடு. அரிசியின் பழைய குறை இதற்கு இல்லை. இதற்கென்றே பித்தளையில் சோமாசிக் கரண்டி வந்தது. ஒரு முனையில் பூரணம் அள்ளும் கரண்டி, மறுமுனையில் பல் வைத்த சக்கரம். மடித்த ஓரத்தில் சக்கரத்தை உருட்டினால் மிச்ச மாவு அறுந்து, வெட்டிய விளிம்பு நெளிநெளியாக ஒட்டிக்கொள்ளும். மாவு புதிது, கருவி புதிது, பூரணமும் புதிது. ஆனாலும் நம் ஊரில் அது போய் விழுந்த இடம் பழைய எண்ணெய்ச் சட்டிதான். இந்த மடிப்பை, நாலு பக்கமும் சூடு சூழும் அடுமனையில் வைத்துச் சுடும் வழக்கம் மேற்காசியாவில் தாராளமாக இருந்தது. அந்தப் பாதியை நம் வீடுகள் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள அடுப்பு இல்லை.

மெக்சிகோவின் கதையும் இதே போக்கில்தான் போகிறது; இது எனக்கு என் வாதத்தின் மேல் நம்பிக்கை தரும் இடம். அங்கே தானியம் மக்காச்சோளம். அதற்கும் அரிசியைப் போலவே பிடிமானம் கிடையாது. அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்தால் மாவு ஒட்டும் என்று அந்த மக்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மாவில் பூரணம் வைத்து, சோளக் கதிரின் மடலில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது தமாலே. 16ஆம் நூற்றாண்டில் பாதிரியார் சஹாகுன் அஸ்டெக் மக்களைப் பற்றித் தொகுத்த நூலில் எத்தனையோ வகைத் தமாலேக்கள் வருகின்றன. பனையோலைக் கொழுக்கட்டைக்கும் இலை அடைக்கும் அதைவிட நெருங்கிய உறவு உலகில் இருக்குமா என்று தெரியவில்லை. மற்றொரு வெப்பம் கோமால் என்ற மண் தட்டு, நம் தோசைக்கல்லின் வேலையைச் செய்வது. குழி வெட்டி இறைச்சி சுடுவதும் இருந்தது. கொழுப்பில் பொரிப்பது பெருவழக்காக வந்தது ஸ்பானியர் பன்றி கொண்டுவந்த பிறகு. எம்பனாடாவும் ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமைப் பண்டமே. ஆக மெக்சிகன் எம்பனாடா என்று நாம் இறக்குமதி செய்வது மெக்சிகோவுக்கே இறக்குமதியான சரக்கு. ஹிடால்கோ மாநிலத்தின் ரியல் டெல் மோன்டே ஊரில் 1820களில் வெள்ளிச் சுரங்க வேலைக்கு வந்த இங்கிலாந்தின் கார்ன்வால் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ப் பேஸ்டியைக் கொண்டுவந்தார்கள். அடுமனையில் சுட்ட அந்தப் பண்டம் இன்று பாஸ்தே என்ற பெயரில், மிளகாயும் அவரையும் மோலேக் குழம்பும் நிரம்பியதாக, அந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. கார்ன்வால்காரர்கள் கொண்டுவந்த உருளைக்கிழங்கு இறைச்சிப் பூரணத்தோடு உள்ளூர்ப் பூரணங்களும் சேர்ந்துகொண்டன. அடுமனைப் பழக்கம் அப்படியே நின்றது.

தமிழ்நாட்டில் அடுமனை ஏன் வீட்டுக்குள் வரவில்லை? அடுமனை என்பது முதலில் ஏராளமான விறகைத் தின்றுவிட்டுப் பிறகு மணிக்கணக்கில் சூட்டை விடும் பொறி. தினமும் பத்து இருபது ரொட்டி சுடும் சமூகத்துக்குத்தான் அது கட்டும். சோறு வடிக்கும் வீட்டுக்கு அந்தச் சூடு வீண். நம் வெயிலுக்கு அது தண்டனையும்கூட. இந்தியாவில் தந்தூர் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, கோதுமை உண்ணும் வடமேற்கில். இங்கே விதிவிலக்கு என்று நான் ஒப்புக்கொள்வது தமிழ் முஸ்லிம் வீடுகளின் ‘தம்’ முறையை. பாத்திரத்தின் மூடியைச் சீல் வைத்து, மேலே தணல் பரப்பி, மேலும் கீழும் ஒரே நேரத்தில் சூடு கொடுப்பது அடுமனைக்கு மிக அருகில் வரும் உத்தி. பிரியாணிக்கும் சில இனிப்புகளுக்கும் அது பயன்பட்டது; நிரப்பிய மாவுப் பண்டத்துக்குப் பொதுவழக்காகப் பரவவில்லை. மற்றபடி அடுமனை ஐரோப்பியரோடு வந்து, படை முகாம்களையும் துறைமுகங்களையும் சார்ந்து வளர்ந்து, பேக்கரியாகத் தெருவில் நின்றுகொண்டது. தலச்சேரியில் மம்பள்ளி பாபு பேக்கரி தொடங்கியது 1880இல் என்பதை நினைத்தால், தென்னிந்தியர் நடத்திய பேக்கரிகளின் வயது தெரியும். பிறகு 1956இல் தொடங்கிய பிஎல் 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. கோதுமை மாவும் மைதாவும் அரிசி ஊர்களுக்குள் ஆழமாகப் போயின. முட்டை பஃப்ஸும் வெஜிடபிள் பஃப்ஸும் இந்த வழியில் வந்தவை. காஞ்சிபுரத்துப் பேருந்து நிலையத்தில் பஃப்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறவர் யாரும் அதை வீட்டில் செய்ய நினைப்பதில்லை. சுழியத்தை வீட்டில் செய்ய யாரும் தயங்குவதில்லை. வேறுபாடு பூரணத்தில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது.

இந்தப் பின்னணியில் ஏர் ஃப்ரையரை வைத்துப் பார்த்தால், அதன் பெயர்தான் குழப்பம் என்பது புரியும். பொரிக்கும் கருவி என்று பெயர் வைத்து விற்கிறார்கள். சுருளாக நெளிந்த ஒரு மின்கம்பியும் அதற்கு மேல் வேகமாகச் சுழலும் ஒரு விசிறியும்தான் உள்ளே இருப்பவை. காற்றுக்குச் சூட்டைச் சுமக்கும் திறன் குறைவு. எண்ணெய் கொடுக்கும் சூட்டைக் காற்று கொடுக்க வேண்டுமானால் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசிறி வைத்த அடுமனை என்ற எண்ணம் 1940களிலேயே இருந்தது. வில்லியம் மாக்சன் என்ற அமெரிக்கர் ராணுவ விமானங்களில் உறைந்த உணவைச் சூடாக்க அப்படியொன்றைச் செய்தார். 2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது அந்த வகையை ஒரு குடம் அளவுக்குச் சுருக்கிய வடிவம். ஆகவே இது எண்ணெய்ச் சட்டியின் வாரிசல்ல. பேக்கரி அடுமனை, நூற்றைம்பது ஆண்டுகள் தெருவில் நின்றுவிட்டு, வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது.

இதற்குச் சான்று நம் பலகாரங்களே. சுழியத்தை மாவில் தோய்த்து இந்தக் கூடையில் வைத்தால், உறைய வைக்க எண்ணெய் இல்லாததால் கரைத்த மாவு துளை வழியே ஒழுகிவிடும். மிச்சம் ஒட்டியிருப்பதை விசிறிக் காற்று தள்ளிவிடும். கொழுக்கட்டையை வைத்தால் மேல்மாவின் ஈரத்தை உலர்ந்த காற்று உறிஞ்சிவிட, அது தோல் போல இறுகி வெடிக்கும். வடைக்கும் நல்ல கதி இல்லை. இதில் ஒழுங்காக வருபவை மைதாவில் தேய்த்து மடித்து, மேலே எண்ணெய் தடவியவை: சமோசா, சோமாசி, பஃப்ஸ், எம்பனாடா. சுமார் 180 பாகை சூட்டில் கால் மணி நேரத்தில் இவை பொன்னிறமாகின்றன, ஏனென்றால் இவை அடுமனை அறிந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏர் ஃப்ரையர் சமையலில் மெக்சிகோவின் பெயரும் இத்தாலியின் பெயரும் இத்தனை அடிபடுவதற்குக் காரணம் வெளிநாட்டு மோகம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கருவி எந்த மாவை ஏற்குமோ அந்த மாவின் ஊர்களைத்தான் அது கூட்டிக்கொண்டு வருகிறது. மரபு குறித்துக் கவலைப்படுகிறவர்கள் ராஜ்மாவையும் சீஸையும் பார்த்துப் பதறுவது வீண். அவர்கள் பார்க்க வேண்டியது அரிசி மேல்மாவு மைதா மேல்மாவுக்கு இடம் விடுவதை. எண்ணெய் குறைகிறது என்று மகிழ்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆவியில் வெந்த கொழுக்கட்டையில் எண்ணெய் ஏற்கெனவே விரல் நுனி அளவுதான்.

ஓடிஜி அடுப்பும் மைக்ரோவேவும் இதற்கு முன்பே வீடுகளுக்கு வரவில்லையா என்பது கடைசி மறுப்பு. வந்தன. ஓடிஜியில் விடுமுறை நாளில் கேக் சுட்டார்கள், மைக்ரோவேவில் பால் சூடாக்கினார்கள். மாலைப் பலகாரம் அவற்றுக்கு இடம் பெயரவில்லை. முன்சூடு ஏற்றக் காத்திருப்பதும், நாலு பேர் சாப்பிட ஒரு பெட்டி முழுவதையும் சூடாக்குவதும் பலகாரத்துக்கு ஒத்துவராதவை. ஏர் ஃப்ரையர் அந்த இரண்டு தடையையும் நீக்கியது என்பதுதான் அதன் வரலாற்று முக்கியத்துவம். அது யாருக்கு நீக்கியது என்பதையும் கேட்க வேண்டும். காஞ்சிபுரத்துக் குழித்தறி வீட்டில் தறியும் அடுப்பும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். கோர்வைச் சேலைக்கு இருபுறமும் ஆள் வேண்டும். பாவு பூட்டுவதும் தார் சுற்றுவதும் குடும்பத்தின் வேலை. பட்டில் எண்ணெய்க் கறை பட்டால் சேலையின் விலையே விழும். பலகாரச் சட்டியை வீட்டில் வைப்பதைவிட டீக்கடையில் வாங்கிக்கொள்வது அங்கே எப்போதும் வசதி. புகையும் தெறிப்பும் இல்லாத, மூடிய ஒரு சூட்டுப் பெட்டி அந்த வீட்டுக்குத்தான் மற்ற வீடுகளைவிடப் பொருந்தும். இதன் மின்செலவும் பெரிதல்ல: 1,500 வாட் கருவி இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட். தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளருக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். வீட்டுக்குள் தறி போட்டவருக்கு நூறு ஆடுகள் இல்லாமலே ஒரு புதிய வெப்பம் கைக்கெட்டும் கணக்கு இது. ஆனால் கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய். நெசவுக் கூலி சேலைக் கணக்கில் வருவது, சேலை தறியிலிருந்து இறங்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் இந்த அடுமனை முதலில் போய்ச் சேர்ந்திருப்பது தறிக்காரர் வீட்டுக்கு அல்ல, அந்தச் சேலையைக் கட்டுகிறவர் வீட்டுக்கு.